நைனாவின் பெயர் முதலில் வருவது குறித்து

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி

மதிப்பும் அன்பும் உரிய அக்கா செவ்வந்திக்கு,

தம்பி தமிழ்வாணன் எழுதுவது. மீஞ்சூரில் நீயும் ஜோஷ்வா மாமாவும் சௌகரியமாக இருப்பீர்கள் என்றும், உன் ஷிப்ட் இந்த வாரமாவது பகலுக்கு மாறியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நைனா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். உடம்பு நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடிதம் என்றதும் பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. என் லேப்டாப்பும் அம்மாவின் போனும் மீனவர் சங்கத்து பீரோவில் இருக்கின்றன. மஞ்சள் துணி சுற்றி, அரக்கு வைத்து, பூட்டி, சாவியைத் தலைவர் துளசிங்கம் அரைஞாணில் கட்டிக்கொண்டுவிட்டார். எனக்கென்று போன் இல்லாததும், நைனாவின் போன் ஆடி மாதமே ஏரிக்குள் போனதும் உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டேன். கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அருகிலேயே நின்றார்கள். "நல்லா கீறியா அக்கா" என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலு மணிக்கு ஐஸ் வண்டி மீஞ்சூர் போகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிளம்பு. நாளைக் காலை பதினோரு மணிக்குப் பாடு குலுக்கல். அதற்குள் நீ வந்து சங்கத்தின் முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தவறு கடிகாரத்துடையது, என் தம்பியுடையதல்ல.

எந்தக் கடிகாரம் என்பாய். கடிகாரமே இல்லை. அதுதான் தவறு.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுவதாகத் தோன்றும். பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டும் உரிமை நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு. அதுதான் பாடு. நாற்பத்தொரு குடும்பம், நாற்பத்தொரு நாள். மழைக்குப் பிறகு வரும் முதல் சுற்றில் அமாவாசையும் பௌர்ணமியும் யார் பங்குக்கு விழுகின்றனவோ அவர்களுக்கு இறால். மற்றவர்களுக்கு ஏரி. நைனாவுக்குப் போன வருஷம் முப்பத்தொன்பதாவது இடம். அதற்கு முந்தின வருஷம் முப்பத்தாறு. வரிசையை யார் முடிவு செய்வது என்பதில்தான் ஊர் எப்போதும் இடறும். குடத்தில் சீட்டுப் போட்ட காலத்தில் சீட்டின் மூலையை மடித்தார்கள். மூலை மடிக்கக் கூடாது என்றதும் சீட்டில் மீன் எண்ணெய் தடவினார்கள். ஒரு வருஷம் போனில் குலுக்கினார்கள். போன் யாருடையதோ அவர் முதலில் வந்தார். அப்போதுதான் நீ மீஞ்சூர் பழைய இரும்புக் கடையிலிருந்து அந்த எட்டு பிட் கணினியைத் தூக்கி வந்தாய். நாற்பது வயது. நாற்பத்தெட்டு கிலோபைட் நினைவகம். அழிரப்பர் போன்ற சாவிகள். இணையம் இல்லை, சிம் இல்லை, சங்கத்தின் குண்டு டிவியைத் தவிர வேறெதனோடும் பேசத் தெரியாது. "இதுக்கு மாமன் மச்சான் கெடையாது" என்று நீ சொன்னாய். ஊர் அந்த ஒரு வாக்கியத்துக்காக அதை ஏற்றுக்கொண்டது.

இந்த வருஷம், குலுக்கும் நிரலை நீ பதிந்து வைத்திருந்த கேசட்டைத் திறந்தால் நாடா முழுக்க உப்பும் பூஞ்சணமும். உனக்குச் சொன்னேன். நீ சொன்னாய்: "பத்து வரி பேசிக்தான்டா. குந்தி அடிச்சிடு." அதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. பேசிக் மொழியில் பத்து வரி எனக்குப் போதவில்லை. ஊருக்குத் திரும்பிப் பதினோரு மாதம் ஆகிறது, அக்கா. கரையில் நடந்தால் "படிச்சிட்டு இன்னா பண்ற" என்று கேட்கிறார்கள். கேட்காதவர்கள் பார்க்கிறார்கள். படித்ததைக் காட்ட இதைவிட வாய்ப்பு வராது என்று தோன்றியது. அதனால் சி மொழியில் எழுதினேன். நானூறு வரி. அந்தக் கிழட்டுக் கணினிக்குள் சி மொழியை எழுத இடமில்லை. எனவே லேப்டாப்பில் எழுதி, லேப்டாப்பிலேயே கிராஸ் கம்பைலர் கொண்டு, லேப்டாப்புக்குப் புரியாத, அந்தக் கிழத்துக்கு மட்டும் புரிகிற எண்களாக மாற்றுவது. ஒரு வீட்டில் சமைத்து இன்னொரு வீட்டில் பரிமாறுவது போல. சமைத்தவன் ருசி பார்க்க முடியாது. இந்த உவமை எனக்குப் பிடித்திருந்தது. அதிலேயே அபாயமும் இருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

தடங்கல்கள் முதல் நாளே வந்தன. அந்தக் கணினிக்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் பெயர் போட்டேன். ஒரு பெயருக்குப் பத்து எழுத்து இடம். மாசிலாமணி சரியாகப் பத்து. துளசிங்கம் பதினொன்று. தலைவரின் கடைசி எழுத்து விழுந்துவிட்டது. வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் முழுசாக இருக்கும் என் பெயர் உன் பெட்டிக்குள் மட்டும் எப்படிக் குறையும் என்று கேட்டார். எல்லோருக்கும் ஓர் எழுத்து கூடுதலாக ஒதுக்கினேன். பிறகு ஏற்றும் வேலை. நிரலை ஒலியாக மாற்றி, அம்மாவின் போனில் வைத்து, அதன் இயர்போன் துளையிலிருந்து கம்பி போட்டுக் கணினிக்குள் ஓட விட வேண்டும். ஆறு நிமிடம் கீச்சென்று கத்தும். நாலாவது நிமிடத்தில் நீ அழைத்தாய். அம்மாவின் போனில் என்ன ரிங்டோன் என்று உனக்குத் தெரியும். அம்மன் பாட்டு முழுசாகக் கணினியின் நினைவகத்துக்குள் இறங்கியது. டிவியில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள் நடுங்கின. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா, அணைக்காத" என்றாள். அணைக்காமல் எப்படி மறுபடி ஏற்றுவது. அம்மாவை வெளியே அனுப்பக் கால் மணி நேரம் ஆனது.

இவையெல்லாம் சின்னவை. வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

வியாழன் மூன்று மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நான் மட்டும். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி அரக்கு வைப்பதாக ஏற்பாடு. குலுக்கலுக்கு மூன்று நாள் முன்பு குடத்தைப் பூட்டி வைத்த பழைய வழக்கம்தான், இப்போது குடத்துக்குப் பதில் கணினி. கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏற்றினேன். சாவியை அழுத்தவும் என்றது. அழுத்தினேன். வரிசை வந்தது. முதல் பெயர் மாசிலாமணி. நைனா. பார்த்த கணத்திலேயே பதறிவிட்டேன். சரி, தற்செயல் என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினைப் போட்டார்கள், மின்சாரம் ஒரு குலுங்கு குலுங்கியது, கணினி எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழுந்தது. மறுபடி ஆறு நிமிடம் ஏற்றினேன். மறுபடி மாசிலாமணி. மூன்றாம் முறை மொத்த வரிசையையும் தாளில் எழுதி வைத்து ஒப்பிட்டேன். நாற்பத்தொரு பெயரும் இம்மி பிசகாமல் அதே இடத்தில்.

காரணம் பத்து நிமிடத்தில் புரிந்தது. கணினிக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது. ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துத் தொடங்கி வைக்க வேண்டும். நான் அந்த நொடியின் நேரத்தைக் கொடுத்திருந்தேன். லேப்டாப்பில் நூறு முறை ஓட்டினேன், நூறு வரிசை வந்தது, ஏனென்றால் லேப்டாப்பில் கடிகாரம் ஓடுகிறது. கிழத்துக்குக் கடிகாரம் கிடையாது. நேரம் என்ன என்று கேட்டால் பூஜ்யம் என்கிறது. எப்போது கேட்டாலும் பூஜ்யம். பூஜ்யத்தில் தொடங்கினால் என்றைக்கும் ஒரே வரிசை. அந்த வரிசையின் தலையில் நைனா. உன் பத்து வரியில் இது நேரவில்லை. கணினியைப் போட்டதிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று பேசிக் தானாகவே எண்ணிக்கொள்கிறதாம். இதை உன்னிடம் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று புரிந்துகொள்.

அதற்குள் தலைவர் மஞ்சள் துணியோடு வந்துவிட்டார். "இன்னா தம்பி, எல்லாம் ரெடியா?" என்றார். ரெடி என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் இல்லை.

நேரே கரைக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். குலுக்கலில் கை வைத்தவனுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது என்பது சங்கத்தின் விதி. அதை நான் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை. அந்த விதியை எழுதியபோது கையெழுத்துப் போட்டவர்களில் நைனாவும் ஒருவர்.

"என் பேர எடுத்துடு" என்றார்.

"எடுத்தா இந்த வருசம் முழுக்கப் பாடு இல்ல நைனா."

"இல்லாட்டி போவுது. பேர் கெட்டு எறா புடிக்க வோணாம்."

நான் விளக்கினேன். பெயர்கள் உள்ளே ஒரு கட்டுக்கோப்பில் இருக்கின்றன, எண்ணிக்கை மாறினால் மொத்த நிரலும் குலைந்துவிடும், தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை. நைனா என் முகத்தையே பார்த்தார். "அப்டியா" என்றார். பிறகு, "அப்ப நாளைக்கு சங்கத்துல நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை சொன்னேன். நைனா பக்கத்தில் நின்றார். அக்கா, முதுகலையில் வாய்மொழித் தேர்வில் நின்றிருக்கிறேன், ஐந்து பேராசிரியர்கள் முன்னால். அது ஒன்றுமேயில்லை.

தலைவர் கேட்டார்: "நாளான்னிக்கிக் குலுக்கல வச்சிகினு இப்ப வந்து சொல்றியே. இன்னாதான் கோளாறு?"

"அதுல கடிகாரம் இல்ல தலைவரே."

தலைவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்த வச்சிக்க. சரியாப் போச்சா?"

சரியாகாது என்பதை விளக்க அரை மணி நேரம் பேசினேன். பேசப் பேச நான் இன்னும் பெரிய திருடனாகத் தெரிந்தேன். கடிகாரம் இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

பிறகு முத்துராஜ் அண்ணன் எழுந்தார். தெற்குத் தெரு முத்துராஜ், தெரியுமே, பேச்சில் கொக்கி வைப்பவர். "மெஷினுக்கு மாமன் மச்சான் இல்லன்னு செவ்வந்தி சொல்லிச்சு. மாமன் மச்சான் இல்லதான். அப்பன் கீறாரு போல. எய்ந்ததும் மாசிலாமணி அண்ணன் பேரத்தான் சொல்லுது. நம்ம புள்ளைங்க ஒண்ணாச்சும் அப்டி சொல்லுதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அது தவறு. சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "அந்த லிஸ்ட்ல நான் எங்க கீறேன்?" முப்பத்தெட்டு என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

வழி இருக்கிறது என்றேன். கணினி உள்ளுக்குள் ஒன்று இரண்டு என்று மிக வேகமாக எண்ணிக்கொண்டே இருக்கும். வெளியே ஒருவர் சாவியை அழுத்துவார். அழுத்தும் கணத்தில் எந்த எண்ணில் இருக்கிறதோ அதிலிருந்து குலுக்கல். எந்த மனித விரலாலும் அந்த வேகத்தில் குறிபார்க்க முடியாது. யார் அழுத்தினாலும் ஒன்றுதான்.

யார் அழுத்தினாலும் ஒன்றுதான் என்ற வாக்கியம் அந்தக் கட்டடத்துக்குள் சொல்லக் கூடாத வாக்கியம். தலைவர் அழுத்தலாமா. அவர் தங்கை மகன் லிஸ்டில் இருக்கிறான். கோயில் பூசாரி. அவர் மச்சான் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் வெளியூர், அவர் அழுத்தட்டும் என்றார் ஒருவர். "நேத்து உன் வூட்ல எறா தொக்கு துன்னாரே, அந்த வாத்தியாரா?" என்றார் முத்துராஜ் அண்ணன். கடைசியில் யாரோ நண்டை விடலாம் என்றார்கள். சாவிகள் மேல் ஒரு நண்டை விட்டால் ஏதாவது ஒன்றை அழுத்தும். நண்டுக்கு உறவுமுறை இல்லை. ஐந்து நிமிடம் ஊர் அதைத் தீவிரமாக யோசித்தது, அக்கா, நானும் யோசித்தேன். பிறகு அந்த நண்டு யார் வலையில் பட்டதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது.

வாசலில் எல்லம்மா உட்கார்ந்து நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஏரியில் இடுப்பளவு நீரில் தடவித் தடவிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பவர். வலை கிடையாது. அதனால் பாடு வரிசையில் அவர் ஆட்களுக்கு என்றைக்கும் பெயர் கிடையாது. "எங்க நண்டு எந்த வலயிலயும் படல. கையில பட்டது" என்று உள்ளே பார்க்காமலே சொன்னார்.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நண்டு எதுக்கு? எல்லம்மா, நீயே ஞாயித்துக்கெயம வந்து ஒரு பட்டன் அமுக்கு. உனக்குத்தான் இதுல ஒண்ணும் இல்லியே."

"என் பேர் அதுல கீதா?"

"உனக்கு இன்னாத்துக்குப் பேரு? உன்கிட்ட வல கீதா?"

"வல இல்ல. வெரல் மட்டும் வோணுமா?"

எல்லம்மா ஒரு நண்டின் கொடுக்கை நாரால் கட்டி முடித்தார். "பேர் போடு. வந்து அமுக்குறேன்."

தலைவர் சிரித்தார். "பேர்தான, சும்மா போட்டு வை தம்பி. நாப்பத்தி ரெண்டாப் போவட்டும்." சரி என்று எழுதிக்கொண்டேன். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அரக்கை உடைத்து ஒரு மணி நேரம் லேப்டாப்பைக் கொடுத்தார்கள். கண்காணிப்புக்கு முத்துராஜ் அண்ணன். என் தோளில் தாடை படும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் இது இன்னா, இது இன்னா. வரி முடிவில் வரும் அரைப்புள்ளி எல்லாம் எதற்கு என்றார். மொழியின் வழக்கம் என்றேன். "எல்லா வரியிலும் ஒரே மாரி போட்டா சந்தேகம் வராதுன்னு போட்றியா?" எல்லம்மாவின் பெயரைச் சேர்க்கும்போது எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். கம்பைல் செய்தபோது திரையில் நான்கு எச்சரிக்கைகள் வந்தன. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. "வார்னிங்னு கீதே. உன் மெஷினே எங்கள உசார்படுத்துது."

"அது வழக்கமா வர்றதுண்ணா. கண்டுக்க வேணாம்."

"வழக்கமாவா?" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓட்டிப் பார்க்க விடவில்லை. வெள்ளோட்டத்தில் நல்ல இடம் கிடைத்தவன் அதுவே இருக்கட்டும் என்பான் என்றார் தலைவர். அவர் சொல்வதும் நியாயம்தான். பழைய ஒலிக்கோப்பை அழித்து, புதியதை அம்மாவின் போனில் ஏற்றி, மறுபடி மஞ்சள் துணி, மறுபடி அரக்கு. எனவே நாளை அந்தக் கணினி என் நிரலை முதல்முறையாக ஊர் முன்னால்தான் ருசி பார்க்கப் போகிறது. சமைத்தவனும் அப்போதுதான் பார்ப்பான்.

என் பயம் அது வேலை செய்யாமல் போவதல்ல, அக்கா. நன்றாக யோசித்துவிட்டேன். வேலை செய்யும். நேர்மையாகக் குலுக்கும். நேர்மையான குலுக்கலில் நாற்பத்திரண்டு பெயரில் எதுவும் முதலில் வரலாம். நைனாவும் வரலாம். நூற்றுக்கு இரண்டு, கொஞ்சம் கூடுதல். அப்படி வந்தால் இந்த உலகத்தில் யார் நம்புவார்கள். நைனாவின் பெயரை முதலில் வராமல் தடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதுவும் கை வைப்பதுதான். பழிக்குப் பயந்து திருடினால் அதற்குப் பெயர் என்ன. இந்த இரண்டு சதவீதத்தோடு மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் வா. உன்னை நம்புவார்கள். எனக்கு இதில் துளியும் ஆசை இருக்கவில்லை, நான் ஒரு தவறும் செய்யவில்லை, செய்தது கடிகாரம் என்று நீ சொன்னால் போதும்.

ஜோஷ்வா மாமாவுக்கு என் வணக்கம். அம்மா உனக்குக் காய்ந்த இறால் கட்டி வைத்திருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு அனுப்பினால் கடிதம் நாறும் என்பதால் அனுப்பவில்லை. உங்கள் இருவருக்கும் குறைவில்லாத நாள்கள் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
தமிழ்வாணன்

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்:

நேற்று ஐஸ் வண்டி வரவில்லை. டிரைவர் ஆரம்பாக்கத்தில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். கடிதம் என் சட்டைப் பையில் இருக்க, குலுக்கல் நடந்து முடிந்துவிட்டது. எனவே வர வேண்டாம். கீழே வருவது போனில் சொல்ல முடியாதது என்பதால் கடிதத்தை இன்று நாலு மணி வண்டியில் அனுப்புகிறேன்.

நடந்தது இது. தலைவர் ஒலியை ஓட விட்டார். ஆறு நிமிடம். எல்லம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, எந்தச் சாவி என்று கேட்காமல், நடுவில் ஒன்றை அழுத்தினார். வரிசை வந்தது. முதல் பெயர் மாசிலாமணி.

நூற்றுக்கு இரண்டு. சத்தம் கூரையைத் தொட்டது. பழைய லிஸ்டையே போட்டுட்டான் என்றார்கள். டிவியின் கம்பியை ஒருவர் பிடுங்கப் போனார். நைனா அசையவில்லை. அப்போது எல்லம்மா திரையிலிருந்து கண் எடுக்காமல், "கீய படிங்க" என்றார். தலைவர் கீழே படித்தார். இரண்டாவது முத்துராஜ். பதினேழாவது எல்லம்மா.

"பழசுல எல்லம்மா இருந்துச்சா?" என்று தலைவர் கேட்டார். முத்துராஜ் அண்ணன் தன் பெயரைப் பார்த்தபடியே நின்றார். முப்பத்தெட்டிலிருந்து இரண்டுக்கு வந்த மனிதன். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இல்ல தலைவரே. நேத்து என் கண்ணு முன்னாலதான் சேத்தான். எய்த்து எய்த்தாப் பாத்தேன். இது புது லிஸ்ட்டுதான். லிஸ்ட்டு சரியாத்தான் கீது." அரைப்புள்ளிகள் உட்பட எல்லாவற்றுக்கும் அவரே சாட்சி சொன்னார். கடிகாரத்தைப் பற்றியும் விளக்கினார். என்னைவிட நன்றாக.

"எல்லம்மா பேர் சும்மா போட்டதுதான" என்றார் தலைவர், மெல்ல.

"அப்ப மொதப் பேரும் சும்மாவா?" என்றார் எல்லம்மா. "ரெண்டாவதும்?"

முத்துராஜ் அண்ணன் தலைவரை முந்திக்கொண்டு, "அதெப்டி சும்மாவாவும்" என்றார். பதினேழாம் நாள் பௌர்ணமிக்கு மறுநாள். எல்லம்மாவுக்கு வலை யார் கொடுப்பது என்று வெளியே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. தலைவர் தன் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

இனி மேலே எழுதியதில் சிலவற்றை அடித்துவிடு. வியாழக்கிழமை முதல் பெயரைப் பார்த்த கணத்திலேயே பதறினேன் என்று எழுதியிருக்கிறேன். பதறவில்லை. சந்தோஷப்பட்டேன். ஐஸ் மெஷின் மேல் பழி போட்டதும் பொய். அது ஓடவே இல்லை. இன்னொரு முறை அந்தப் பெயர் அங்கே வருமா என்று பார்க்க ஆசைப்பட்டு நானே அணைத்துப் போட்டேன். மூன்றாம் முறைதான் பயம் வந்தது. தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை என்ற வரியையும் அடித்துவிடு. ஒரு பெயரை எடுப்பது ஒரு வரி வேலை. கட்டுக்கோப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நைனாவுக்கு ஒரு வருஷமாவது நல்ல இடம் வர வேண்டும் என்று நினைத்தேன். முப்பத்தாறு, முப்பத்தொன்பது. அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மா இரண்டாம் முறை சோறு போட்டாள். நைனா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லம்மா பேர சேக்க முடிஞ்சிது. என் பேர எடுக்கத்தான் முடியல, இல்ல?"

நான் குழம்பு ஊற்றிக்கொண்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு மொத நாள். நீயும் போட்ல வா" என்றார்.

முகத்துவாரம் வரை முக்கால் மணி நேரம். வலை கட்டிவிட்டு நீரோட்டம் திரும்பும்வரை படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். படகில் அவரும் நானும் மட்டும்.

எனவே அக்கா, வா. மூன்றாவது ஆளுக்குப் படகில் இடம் இருக்கிறது.